தரையில் ஒடுங்கிய குஞ்சு

கூடாக வைத்த பானையை விட்டு வெளியே வந்த ஜீப்ரா ஃபிஞ்ச் குஞ்சுகளில் மூன்று குச்சியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும். நான்காவது மட்டும் கூண்டின் மூலையில், அடித்தட்டில், இறகை உப்பிக்கொண்டு கண்ணை மூடி ஒடுங்கியிருக்கும். வளர்ப்பவரின் கை உடனே கூண்டுக் கதவுக்குப் போகும். அதை எடுத்துப் பஞ்சு வைத்த பெட்டியில் படுக்கவைத்து, ஏதாவது மாவைக் கரைத்து வாயில் விட வேண்டும் என்று மனம் பரபரக்கும். அந்தப் பரபரப்பைச் சற்று அடக்கச் சொல்வதற்காகத்தான் இந்த அத்தியாயம். அந்தக் குஞ்சுக்கு ஏற்ற தாதி அதே கூண்டுக்குள்ளேயே இருக்கிறது. அந்தத் தாதிக்கு ஒத்தாசை செய்வதே நம் வேலை. குளிரை நாம் போக்கலாம், தீனியின் தரத்தை நாம் உயர்த்தலாம், எறும்பையும் எலியையும் நாம் தடுக்கலாம். ஊட்டுவதை மட்டும் முடிந்தவரை தாய் தந்தையிடமே விட்டுவிட வேண்டும். நாமே ஊட்ட வேண்டிய வேளையும் வரும். அதை எப்படி அறிவது, எப்படிச் செய்வது என்பதையும் பார்ப்போம்.

முதலில் காலக்கணக்கு. இது புரியாததால்தான் நல்ல குஞ்சுகளைக்கூடப் பலர் நோயாளியாக்கிவிடுகிறார்கள். ஜீப்ரா ஃபிஞ்ச் முட்டை ஏறக்குறைய 12 முதல் 14 நாள் அடைகாத்தால் பொரிக்கும். பொரித்த குஞ்சு 18 முதல் 21 நாளில் கூட்டை விட்டு வெளியே வரும். ஆனால் அது தானாகத் தின்று பிழைக்க 35 நாள் ஆகும். சில குஞ்சுகளுக்கு அதற்கு மேலும் ஆகும். அதாவது கூட்டை விட்டபின்னும் இரண்டு வாரத்துக்கு மேல் அது பெற்றோரின் தொண்டையிலிருந்து வரும் இரையை நம்பித்தான் வாழ்கிறது. கூடு விடுவதை நாம் வளர்ப்பின் முடிவாக நினைக்கிறோம். பறவைக்கோ அது இடமாற்றம் மட்டுமே. முதல் இரண்டு மூன்று நாள் குஞ்சு கம்பியில் மோதும், குச்சியைத் தவறவிடும், தரையில் விழும், அடிக்கடி தூங்கும். வால் குட்டையாக இருக்கும், அலகு கறுப்பாக இருக்கும். இவை எதுவும் நோய் இல்லை. சாயங்காலமானதும் மற்றவை பானைக்குள் ஏறிப் படுக்க, ஒன்று மட்டும் வழி தெரியாமல் கீழே தங்கிவிடுவதும் சகஜம். அதைக் கையால் எடுத்துப் பானைக்குள் விட்டு, பானையின் வாயை ஒரு துணியால் சில நிமிடம் மூடிவைத்தால் போதும், அடங்கிவிடும்.

அப்படியானால் எதைத் தளர்ச்சி என்பது? உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். தந்தை பக்கத்தில் வரும்போது குஞ்சு என்ன செய்கிறது என்று பாருங்கள். இந்தக் குடும்பத்துக் குஞ்சுகள் இரை கேட்கும் விதமே தனி. மற்றப் பறவைக் குஞ்சுகள்போல் தலையை உயர்த்தி வாயைப் பிளக்காது. உடலைத் தாழ்த்தி, கழுத்தைப் பக்கவாட்டில் திருகி, வாயை மேல்நோக்கித் திறந்து இரைச்சலிடும். தரையில் கிடந்தாலும் அப்படிக் கழுத்தைத் திருகிக் கத்துகிற குஞ்சு பிழைக்கிற குஞ்சு. தந்தை வந்தும் கண் திறக்காமல் இறகை உப்பிக்கொண்டிருப்பதுதான் ஆபத்தில் இருக்கிறது. இரண்டாவது சாட்சி தீனிப்பை. கழுத்தின் அடியில், பக்கவாட்டில், மெல்லிய தோலுக்குள் விதைகள் முத்து முத்தாகத் தெரியும் பை அது. கழுத்து இறகை லேசாக ஊதி விலக்கினால் நிறைந்திருக்கிறதா காலியா என்று கண்ணாலேயே காணலாம். மூன்றாவது மார்பெலும்பு. விரலால் தடவும்போது இருபுறமும் சதை மேடாக இருந்தால் நல்லது. நடு எலும்பு கத்திமுனைபோல் உறுத்தினால் குஞ்சு பல நாளாகவே பட்டினியில் இருக்கிறது, இன்று கூட்டை விட்டதால் வந்த தளர்ச்சி அன்று அது. எடை பார்க்க நகைக் கடையில் உள்ளதுபோன்ற சிறு மின்னணுத் தராசு போதும். வளர்ந்த ஜீப்ரா ஃபிஞ்சே 12 முதல் 15 கிராம்தான் இருக்கும் என்பதால் அரை கிராம் குறைவதும் பெரிய செய்திதான். புத்தக எடையோடு ஒப்பிடுவதைவிட, அதே கூட்டில் பிறந்த உடன்பிறப்புகளோடு ஒப்பிடுவதே நல்ல அளவுகோல். தினமும் காலையில், ஒரே நேரத்தில் நிறுத்துக் குறித்து வையுங்கள்.

குஞ்சு தளர்ந்ததுதான் என்று தெரிந்துவிட்டால் முதலில் கொடுக்க வேண்டியது சூடு. தீனி அடுத்ததுதான். இந்த வரிசையை மாற்றுவதால்தான் நல்லெண்ணத்தோடு ஊட்டியும் குஞ்சைச் சாகக் கொடுக்கிறார்கள். பறவையின் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. உடல் சிறுத்துப்போகப் போக, எடைக்கு உள்ள பரப்பு கூடிக்கொண்டே போகும். ஒரு டம்ளர் காபி ஒரு குடம் வெந்நீரைவிடச் சீக்கிரம் ஆறுவதுபோல, பத்து கிராம் குஞ்சு கோழிக்குஞ்சைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டை இழக்கும். இறகு முழுதாக வளராத குஞ்சுக்கு அந்த இழப்பு இன்னும் அதிகம். உண்டதெல்லாம் சூடு காப்பதிலேயே செலவாகிவிட்டால் வளர எதுவும் மிஞ்சாது. உடல் குளிர்ந்துவிட்டாலோ செரிமானமே நின்றுவிடும். அப்போது ஊட்டிய மாவு தீனிப்பையிலேயே தேங்கிப் புளித்துப் புதிய நோயாகும். இறகை உப்புவது உள்ளே காற்றைச் சிறைபிடித்துப் போர்வையாக்கிக்கொள்ளும் முயற்சி. அதைப் பார்த்ததுமே ‘இதற்குக் குளிர்கிறது’ என்று வாசித்துவிட வேண்டும்.

சூட்டைக் கொடுக்கும் விதமும் முக்கியம். கூண்டின் ஒரு பக்கத்துக்கு வெளியே 40 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு, அந்தப் பக்கம் மட்டும் 30 டிகிரியைச் சுற்றி இருக்கும்படி வையுங்கள். மறுபக்கம் சாதாரண வெப்பத்தில் இருக்கட்டும். எது வேண்டும் என்பதைக் குஞ்சே தேர்ந்துகொள்ளும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமே தவிரச் சூடு தராது, அதை வைத்துவிட்டு ஏமாறாதீர்கள். இரவில் வெளிச்சம் பெற்றோரின் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதால் கடையில் கிடைக்கும் வெளிச்சமில்லாத பீங்கான் சூடேற்றி மேல். மின்சாரம் போய்விட்டால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டோடு ஒட்டி வைக்கலாம். குஞ்சு வாயைத் திறந்து மூச்சு வாங்கி, சிறகை உடலிலிருந்து விலக்கிப் பிடித்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். சித்திரை வைகாசியில் அறையே 35 டிகிரியில் இருக்கும்போது பல்பு வைப்பது குஞ்சை அவிப்பதற்குச் சமம். அந்த மாதங்களில் உப்பிய இறகுக்குக் காரணம் குளிராக இருக்க வாய்ப்பு குறைவு, நோயைச் சந்தேகிக்க வேண்டும். மழைக்காலத்திலும் மார்கழியிலும்தான் பல்புக்கு உண்மையான வேலை.

குஞ்சு தரையில் இருப்பதால் தரையையே அதற்கு ஏற்ற இடமாக்கிவிடுங்கள். குச்சிகளில் ஒன்றைத் தரையிலிருந்து மூன்று நான்கு விரற்கடை உயரத்துக்கு இறக்கிக் கட்டுங்கள். மூலையில் பாதி தேங்காய்ச் சிரட்டையோ சிறு கூடையோ வைத்து, உலர்ந்த புல்லைப் போட்டால் அது தாழ்வான இரண்டாம் கூடாகும். பெற்றோர் அங்கேயும் வந்து ஊட்டும். தண்ணீர்க் கிண்ணத்தில் கூழாங்கல் நிரப்பி, கல்லுக்கு நடுவே மட்டும் நீர் நிற்கும்படி செய்யுங்கள். அரை அங்குல நீரிலேயே இந்த அளவுக் குஞ்சு மூழ்கிவிடும். நம் ஊரில் இன்னொரு பகை எறும்பு. முட்டைத் தீனியின் வாசத்துக்கு வரும் எறும்பு அசையாத குஞ்சை விடாது. கூண்டின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துவது பழைய முறைதான்; அதைவிட நல்ல முறை இன்னும் வரவில்லை. எறும்புப் பொடி, கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகை எதுவும் அந்த அறையில் கூடாது. பறவையின் நுரையீரல் காற்றிலிருந்து எதையும் விரைவாக உறிஞ்சும்; பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கேனரிப் பறவைகளை நச்சுவாயு காட்டியாக வைத்திருந்ததற்கு அதுவே காரணம். ஒட்டாத பூச்சு உள்ள தோசைக்கல் அடுப்பில் காய்ந்து புகைந்தால் அந்தப் புகையும் கூண்டுப் பறவைகளைக் கொன்றுவிடும். சமையலறையை ஒட்டிக் கூண்டை வைத்திருப்பவர்கள் இன்றே இடம் மாற்றட்டும்.

இப்போது ஊட்டும் விஷயம். ஃபிஞ்ச் பெற்றோர் விதையை உமி நீக்கி, தீனிப்பையில் ஊறவைத்து, மென்மையாக்கி, குஞ்சின் வாய்க்குள் அலகை விட்டுத் தாமே கக்கித் தருகின்றன. சூடு, ஈரம், பதம், அளவு, இடைவெளி ஐந்தும் சரியாக அமைந்த அந்த இரையை எந்தப் பொடியாலும் முழுதாக ஈடு செய்ய முடியாது. குஞ்சு மூச்சுவிடும் துவாரம் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. பெற்றோரின் அலகு அதைத் தாண்டித்தான் இரையை விடும். நம் சிரிஞ்சு ஒரு துளி தவறினாலும் நீர் நுரையீரலுக்குப் போய்விடும். காலையிலிருந்து மாலைவரை சளைக்காமல் ஊட்டும் ஒரு ஜோடியின் வேலையை அலுவலகம் போகும் மனிதர் ஈடுகட்ட முடியுமா என்பது தனிக் கேள்வி. ஆகவே நாம் கேட்க வேண்டியது வேறு: பெற்றோர் இருந்தும் இந்தக் குஞ்சு ஏன் பட்டினி கிடக்கிறது?

பெரும்பாலும் விடை அடுத்த ஈட்டு முட்டையில் இருக்கும். குஞ்சுகள் கூட்டை விடும் நாட்களிலேயே பெண் பறவை மறுபடி முட்டையிடத் தொடங்கிவிடும். அப்போது ஊட்டும் பாரத்தில் பெரும்பங்கு ஆணின் தலையில் விழுகிறது. ஆரஞ்சுக் கன்னமும் மார்பில் வரியும் உள்ள அந்தத் தந்தை, வலுவாகக் கத்துகிற மூன்றுக்கும் ஊட்டிவிட்டு, கத்தாத நான்காவதைத் தாண்டிப் போய்விடும். அது கொடுமை ஒன்றும் இல்லை. சத்தம் கேட்ட இடத்தில் இரையைக் கொட்டுவது பறவையின் இயல்பு. இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, புது முட்டைகளை அன்றன்றே எடுத்துவிடுவது, அல்லது அதே அளவு பொய் முட்டையை மாற்றி வைப்பது. முட்டை வேண்டாம் என்று பானையையே கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு, ஏனென்றால் இந்த வயதுக் குஞ்சுகள் இரவில் உறங்க அந்தப் பானைக்குள்தான் திரும்புகின்றன. இரண்டாவது வழி, வலுவான உடன்பிறப்புகளைக் காலையிலும் மாலையிலும் அரை மணி நேரம் ஒட்டி நிற்கும் இன்னொரு கூண்டுக்கு மாற்றுவது. போட்டி இல்லாத அந்த அரை மணியில் தந்தையின் இரை முழுவதும் தளர்ந்ததற்கே போகும். இந்த ஒரு மாற்றம் செய்தே பல குஞ்சுகளைத் தேற்றிவிடலாம் என்பது என் கருத்து, செலவும் இல்லை.

தந்தையின் தொண்டையில் நல்ல இரை இருந்தால்தான் குஞ்சின் வாய்க்கு நல்ல இரை போகும். உலர்ந்த தினையும் சாமையும் பனிவரகும் பெரிய பறவைக்குப் போதும், குஞ்சு வளர்க்கும் பறவைக்குப் போதாது. அதே தினையை எட்டுப் பத்து மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத் துணியில் கட்டி, வெள்ளை முளை எட்டிப் பார்க்கும்போது கொடுங்கள். இயற்கையிலும் இந்தப் பறவைகள் பாதி முற்றிய பச்சை விதையைத்தான் குஞ்சுக்குத் தேடுகின்றன. முளை விதையைக் கழுவாமல் வைத்தால் புளித்துவிடும். முகர்ந்து பார்த்துச் சந்தேகம் வந்தால் கொட்டிவிடுங்கள். வேகவைத்த முட்டையை ஓட்டோடு மசித்துச் சிறு கரண்டி அளவு காலையில் வைக்கலாம். நம் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அது கூண்டில் இருக்கக் கூடாது. சுண்ணாம்புச் சத்துக்குக் கடல் நுரை, கூடவே பொடியாக நறுக்கிய ஏதாவது கீரை. தினைக்கதிரை முழுசாகக் கட்டித் தொங்கவிடாமல் தரையிலேயே போடுங்கள். குஞ்சு முதன்முதலில் தானாகக் கொத்திப் பழகுவது அதில்தான், பெற்றோர் பக்கத்தில் நின்று கொத்துவதைப் பார்த்துத்தான். தீனிக் கிண்ணத்தை மட்டும் நம்பாதீர்கள். மேலே உமி மட்டும் நிரம்பி, கிண்ணம் நிறைந்திருப்பதுபோல் தோன்றும். காலையும் மாலையும் ஊதிப் பாருங்கள்.

மாலை நேரம் தனிக் கவனத்துக்குரியது. இருட்டியபின் பெற்றோர் ஊட்டாது. சென்னையில் டிசம்பரில் பகல் பதினோரு மணி நேரத்துக்குச் சற்று மேல் மட்டுமே இருக்கும்; ஆக ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம் அந்தச் சின்ன உடல் ஒரு தீனிப்பை இரையை வைத்தே எரிந்துகொண்டிருக்க வேண்டும். பொழுது சாயும்போது காலியான தீனிப்பையோடு இருக்கும் குஞ்சு காலையில் இறந்துகிடப்பது இதனால்தான்; ‘ராத்திரி நன்றாகத்தானே இருந்தது’ என்பார்கள். கூண்டு இருக்கும் அறையில் ஒரு மணி நேரம் கூடுதலாக விளக்கை எரியவிடுங்கள், ஊட்டும் நேரம் அவ்வளவு கூடும். விளக்கைச் சட்டென்று அணைக்காதீர்கள். பறவைகள் பானைக்குத் திரும்பும்வரை மங்கலான வெளிச்சம் ஒன்று இருக்கட்டும்.

இவ்வளவும் படித்தவர்கள் ஒரு நியாயமான மறுப்பைச் சொல்வார்கள்: ‘பெற்றோரையே நம்பிக் காத்திருந்து குஞ்சு செத்துப்போனால்?’ நடக்கக்கூடியதுதான். பெற்றோரை நம்புவது கண்ணை மூடிக்கொள்வதாகிவிடக் கூடாது. பகல் வேளையில், சூடு கொடுத்தபின், போட்டிக் குஞ்சுகளை ஒதுக்கியபின், தள்ளி உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கவனியுங்கள். அதற்குள் ஒருமுறையாவது ஊட்டல் நடந்து தீனிப்பையில் விதை தெரிந்தால் தலையிடாதீர்கள். இரண்டு மணி நேரம் கழித்தும் பை காலியாக இருந்தால், அல்லது காலை எடை நேற்றைவிடக் குறைந்திருந்தால், கையை நீட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தக் கை குஞ்சைப் பிரித்து எடுத்துப்போக வேண்டியதில்லை. ஊட்டிவிட்டுத் திரும்ப வைத்தால் போதும். பாதி வயிறு நாம், மீதி வயிறு பெற்றோர். வயிற்றில் கொஞ்சம் பலம் சேர்ந்ததும் குஞ்சு கத்தத் தொடங்கும், கத்தினால் தந்தை திரும்பி வரும். நாம் ஊட்டுவதன் நோக்கமே அந்தக் குரலைத் திரும்பக் கொண்டுவருவதுதான்.

அதற்கான முறை: கடையில் கிடைக்கும் பறவைக் குஞ்சுத் தீவனப் பொடியை வெந்நீரில் இளங்கஞ்சிப் பதத்தில் கரைத்து, 39 அல்லது 40 டிகிரிக்கு ஆறவிடுங்கள். இதை வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும், புறங்கையில் விட்டுப் பார்ப்பது போதாது. அதற்கு மேலே மூன்று நான்கு டிகிரி போனாலும் தீனிப்பையின் சவ்வு வெந்துவிடும், ஆறிவிட்டால் தேங்கும். ஊசி நீக்கிய 1 மில்லி சிரிஞ்சு போதும். குஞ்சின் இடப்பக்கத்து அலகோரத்திலிருந்து வலப்பக்கத் தொண்டையை நோக்கிச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்; உணவுக்குழல் கழுத்தின் வலப்பக்கமாக இறங்குகிறது. ஒவ்வொரு சொட்டையும் விழுங்கவிட்டுத்தான் அடுத்தது. பத்து கிராம் குஞ்சுக்கு ஒரு வேளைக்கு 1 மில்லி என்பதே உச்சம். தளர்ந்திருப்பதற்கு அரை மில்லியில் தொடங்குங்கள். பை காலியானால்தான் அடுத்த வேளை, பொதுவாக ஒன்றரை இரண்டு மணி நேரம் ஆகும். விழுங்காத குஞ்சின் வாயில் தண்ணீரை ஊற்றவே ஊற்றாதீர்கள். விரல் நுனித் துளி ஒன்றை அலகோரத்தில் தொட்டு வைத்தால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். பாலில் நனைத்த ரொட்டி பாட்டி காலத்துப் பழக்கம். பாலில் உள்ள சர்க்கரையைப் பறவைக் குடல் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிஞ்சும்.

‘கை பட்டால் மனித வாடை ஏறிவிடும், தாய் சேர்க்காது’ என்ற பயம் இன்னும் இருக்கிறது. ஃபிஞ்ச் தன் குஞ்சை அடையாளம் காண்பது முக்கியமாகக் கண்ணாலும் குரலாலும்தான். எடை பார்த்தும் ஊட்டியும் திரும்ப விட்ட குஞ்சுக்குப் பெற்றோர் வழக்கம்போல் ஊட்டுகின்றன. மனித வாடை பற்றிய பயத்தால் எடை பார்ப்பதையே தவிர்ப்பவர்கள் பயனில்லாத எச்சரிக்கையோடு இருக்கிறார்கள். ஆனால் கூட்டுக்குள் இருக்கும் குஞ்சுகளைப் பன்னிரண்டு பதினான்கு நாள் ஆனபின் அடிக்கடி எட்டிப் பார்ப்பது வேறு விஷயம்: மிரண்டு, இறகு முற்றாமலே வெளியே குதித்துவிடும். தரையில் கிடக்கும் தளர்ந்த குஞ்சுகளில் சில அப்படி நம் ஆர்வத்தால் கீழே வந்தவை. ‘தந்தையே கொத்துகிறதே’ என்பது இன்னொரு மறுப்பு. எங்கே கொத்துகிறது என்று பாருங்கள். முதுகிலும் வாலடியிலும் இறகைப் பிடுங்கினால் அது அடுத்த கூட்டுக்கு மெத்தை தேடுகிறது. தேங்காய் நாரும் உலர்ந்த புல்லும் தாராளமாகப் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். தலையைக் குறிவைத்து இரத்தம் வரக் கொத்தினால் காத்திருக்காதீர்கள். நடுவே கம்பித் தடுப்பு வைத்துப் பிரியுங்கள். கம்பி வழியாகவே ஊட்டும் பெற்றோரும் உண்டு.

மிகவும் கவர்ச்சியான மறுப்பு மூன்றாவது: ‘கையிலேயே வளர்த்தால் பழகிவிடுமே, தோளில் உட்காருமே, அதில் என்ன நஷ்டம்?’ நஷ்டம் பறவைக்கு. உலகில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட பறவைகளில் ஜீப்ரா ஃபிஞ்ச் ஒன்று. கோழிக்கு அடுத்தபடியாக மரபணுத் தொகுதி முழுதும் வாசிக்கப்பட்ட பறவை இதுதான், 2010இல். காரணம், ஆண் குஞ்சு தந்தையிடம் பாட்டுக் கற்கும் விதம் மனிதக் குழந்தை பேச்சுக் கற்பதை ஒத்திருப்பது. ஏறக்குறைய 25 நாளில் அந்தப் பள்ளி தொடங்குகிறது, 90 நாளுக்குள் பாட்டு உறைந்துவிடுகிறது. அந்த நாட்களில் ஆண் துணையின்றி வளர்ந்தது பின்னாளில் சிதைந்த பாட்டைத்தான் பாடும். ஜெர்மானிய அறிஞர் கிளாஸ் இம்மெல்மான் ஜீப்ரா ஃபிஞ்ச் குஞ்சுகளைப் பெங்காலி ஃபிஞ்ச் என்ற வேறு இனப் பெற்றோரிடம் விட்டு வளர்த்தார். அவற்றில் ஆண்கள் பெரியவையானபின் தம் இனப் பெண்ணை விட்டுப் பெங்காலிப் பெண்ணையே நாடின. தம் இனத்தோடு சேர்ந்து வாழ்ந்தபின்னும் அந்த நாட்டம் மாறவில்லை. யார் ஊட்டினாரோ அவரே இனம் என்று இளம் மூளையில் பதிந்துவிடுகிறது. கூண்டுக்குள்ளேயே இருந்து ஊட்டப்படும் குஞ்சுக்கு இந்தக் கேடு இல்லை. தாய் தந்தை இரண்டும் இறந்துவிட்டாலோ, ஊட்ட அறவே மறுத்தாலோ, அதே வயதுக் குஞ்சு உள்ள இன்னொரு ஜீப்ரா ஜோடியிடம் சேர்ப்பது முதல் தேர்வு. பெங்காலி ஃபிஞ்ச் இரண்டாவது. மனிதக் கை மூன்றாவது. கையில் வளர்ப்பதானாலும் மற்ற ஃபிஞ்சுகள் கண்ணிலும் காதிலும் படும்படி பெட்டியை வையுங்கள்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வரும்: ‘வலுவற்றது போகட்டும், இயற்கை அப்படித்தான்.’ இந்தப் பறவையின் தாயகமான ஆஸ்திரேலியப் புல்வெளியில் இது சரி. நம் கூண்டில் இயற்கை எங்கே இருக்கிறது? முட்டைக்கு முட்டை ஓய்வில்லாமல் அந்த ஜோடியை ஈனவிட்டவர்கள் நாம். வெறும் உலர் தினையைப் போட்டுச் சுண்ணாம்பில்லாமல் வைத்தவர்கள் நாம். ஒரே நாளில் பொரிக்காமல் முன்பின்னாகப் பொரிக்கும் குஞ்சுகளில் கடைசிக் குஞ்சு எப்போதும் குட்டையாகவே தொடங்குகிறது. அதற்கு மேல் தீனியும் குறைந்தால் பழி இயற்கையின்மேல் இல்லை. ஒரு ஜோடிக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈடுகளுக்கு மேல் வேண்டாம். தேறிவந்த தளர்ந்த குஞ்சை இனப்பெருக்கத்துக்கு விடாமல் இருப்பதும் நல்லது.

எல்லாத் தளர்ச்சியும் பட்டினியால் வருவதில்லை. கால்கள் இருபுறமும் விரிந்து, எழுந்து நிற்க முடியாத குஞ்சுக்கு எவ்வளவு ஊட்டினாலும் அந்தக் கால் சேராது. அதைக் கூட்டில் இருக்கும் வயதிலேயே ஒட்டுப்பட்டையால் இணைத்துத் திருத்தலாம், எலும்பு முற்றியபின் கடினம். மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கினால் மூச்சுக்குழல் நோய். எச்சம் நீராகவும் ஆசனவாய் ஒட்டியும் இருந்தால் குடல் ஒட்டுண்ணியாக இருக்கலாம். கூட்டுப் புல்லுக்குள் பகலில் ஒளிந்து இரவில் இரத்தம் குடிக்கும் செம்பேன் இருந்தால் குஞ்சு வெளுத்துச் சோர்ந்துவிடும். இரவில் டார்ச் அடித்துப் பானையைப் பாருங்கள், வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். இவற்றுக்கெல்லாம் கடைக்காரர் தரும் மஞ்சள் ஆன்டிபயாட்டிக் பொடியைத் தண்ணீரில் கலக்குவது பொருத்தமற்றது. பத்து கிராம் உடலுக்கு மருந்தளவு கணக்கிடுவது மருத்துவர் வேலை. சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே விசாரித்துப் பறவை பார்க்கும் மருத்துவரின் எண்ணைக் குஞ்சு பொரிக்கும் முன்பே வாங்கி வையுங்கள். தரையில் கிடைத்த குஞ்சு உங்கள் கூண்டுப் பறவையாக இல்லாமல், வயலில் திரியும் சில்லைக் குஞ்சாக இருந்தால் அதை வளர்க்க 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. அதன் பெற்றோர் மேலே மரத்தில்தான் இருக்கும். பக்கத்துப் புதரில் வைத்துவிட்டு விலகிவிடுங்கள்.

தேறிய குஞ்சைப் பெற்றோரிடமிருந்து எப்போது பிரிப்பது என்ற கேள்விக்கு அலகே பதில் சொல்லும். கறுப்பு மெல்ல விலகி ஆரஞ்சு படரத் தொடங்குவது 35 நாளை ஒட்டி. முழு நிறம் வர 60 நாள் ஆகும். விதையைக் கொத்துவதைப் பார்த்தேன் என்பது போதாது. உமியை நீக்கி விழுங்குகிறதா, தானாகத் தின்றே மாலையில் தீனிப்பை நிறைகிறதா என்று மூன்று நாள் தொடர்ந்து பாருங்கள். தளர்ந்து தேறிய குஞ்சுக்கு மற்றவற்றைவிட ஒரு வாரம் கூடுதலாகவே கொடுங்கள். கடைக் கூண்டுகளில் முழுக் கறுப்பு அலகோடு குஞ்சுகளைக் கண்டால் அவை இன்னும் ஊட்டப்பட வேண்டியவை என்று அறியுங்கள். இரக்கப்பட்டுக்கூட அவற்றை வாங்கிவிடாதீர்கள், பெற்றோரோடு வைத்து அலகு சிவந்தபின் விற்கும்படி கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.